வெயில் கொப்புளம்

கரமனை,
திருவனந்தபுரம்.
ஜூலை 20, ஞாயிறு.

அன்பு மகள் ஆர்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் ஒரு மாதிரி இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதாக முத்தாரம்மாள் அத்தை போனில் சொல்கிறாள். அதை உன் வாயால் கேட்கத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பிள்ளையிடம் போனைக் கொடு என்றால், குளிக்கிறாள், படிக்கிறாள், மாடியில் துணி எடுக்கிறாள் என்று ஏதாவது சொல்கிறாள். மூன்று மாதமாக ஒரு பிள்ளை குளித்துக்கொண்டே இருக்குமா? நீ எங்களோடு பேச மாட்டேன் என்கிறாய். அதை மறைக்க என் அக்கா படாத பாடு படுகிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நான் கடிதம் எழுதிப் பதினைந்து வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியது உன் அம்மாவுக்கு, கல்யாணம் நிச்சயமான கையோடு. அதற்குப் பதில் வரவில்லை, ஆளே வந்துவிட்டாள். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எனக்கோ மலையாளம் வாசித்தால் மூச்சு முட்டும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். புரியாத இடத்தை விட்டுவிட்டு மேலே போ. அத்தையை வாசித்துக் காட்டச் சொல்லாதே.

தம்பிக்கு இந்த வாரம் மருந்து ஏற்றினார்கள். வியாழன் முழுக்க வாந்தி. வெள்ளிக்கிழமை மத்தியானம் பப்படம் கேட்டான். இரண்டு பப்படமும் நாலு வாய் சோறும் உள்ளே போயிற்று. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். போன ஆகஸ்டில் அவனுக்கு ரத்தப் புற்று என்று சொன்ன அன்றைக்கு, நாம் நாலு பேரும் ஒரே ஆட்டோவில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தோமே, அதற்கு இப்போது எவ்வளவோ தேவலை. ஆனாலும் இன்னும் ஒன்றரை வருஷம் மருந்து உண்டு என்கிறார் டாக்டர். ஒன்றரை வருஷம் என்று அவர் சொல்வது ஏதோ அடுத்த தெரு மாதிரி இருக்கிறது. நடக்கிறவனுக்குத்தானே தெரியும்.

முதுகில் ஊசி போடும்போது அவன் இன்னமும் நீ சொல்லிக்கொடுத்தபடி பஸ் ஸ்டாப் பெயர்களைத்தான் சொல்கிறான். முன்பெல்லாம் கரமனை, கிள்ளிப்பாலம், ஆரியசாலை, கிழக்கேகோட்டை என்று நீ சொல்ல அவன் சொல்லி, தம்பானூர் வருவதற்குள் ஊசி முடிந்துவிடும். இப்போது கிள்ளிப்பாலத்திலேயே நின்று அழுகிறான். நான் எடுத்துக்கொடுத்தால், அப்பா சொல்லண்டா, அக்கா சொல்லட்டும் என்கிறான். எனக்கு என்ன, ஸ்டாப் பெயர் தெரியாதா?

ஆரியசாலையில் கடை வேலை பழையபடிதான். வத்தல் நெடியோடு பிள்ளையின் பக்கத்தில் வராதீர்கள் என்று நர்ஸ் சொன்னதால், மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிற குழாயடியில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். முதலாளி ஐயப்பன் அண்ணாச்சி ஒன்றும் சொல்வதில்லை. கடிகாரத்தை மட்டும் பார்ப்பார்.

இந்தக் கடிதம் எழுதச் சொன்னது ஜெபமலர். ஆஸ்பத்திரியில் நோய்ப்பட்ட பிள்ளைகளோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதற்கென்று இருக்கிற பெண். ஊர் மார்த்தாண்டம் பக்கம், அதனால் நம் பேச்சுதான் பேசுகிறாள். முதல் நாள் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். ஒன்று என்று சொல்லிவிட்டேன். உடனே இரண்டு என்று திருத்தினேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு உன்னைப் பற்றிக் கேட்டாள். எத்தனாவது படிக்கிறாள், சிநேகிதி யார், எதற்குப் பயப்படுவாள், சிரித்து எத்தனை நாள் ஆகிறது. எட்டாம் கிளாஸ் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, ஆர்யா மக்களே.

நடந்தது நடந்துவிட்டது. மார்ச் மாதம் உனக்கு அம்மை வந்தது. அவனுக்குத் தொற்றியது. அந்த உடம்பில் தாங்காமல் ஒன்பது நாள் ஐசியுவில் கிடந்தான். பிழைத்துவிட்டான். இதில் யார் மேலும் தப்பில்லை. உன்னை அம்பாசமுத்திரத்தில் அத்தை வீட்டில் விட்டதும் உன் படிப்பு கெடக் கூடாது என்றுதான். வீட்டில் ஆளில்லாமல் நீ தனியாகக் கிடக்கக் கூடாது என்றுதான். வேறொன்றும் நினைக்காதே. திரும்பி வர வேண்டும் என்று தோன்றினால் ஒரு வரி எழுது, அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. அத்தையிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. முத்தாரம்மன் உன் பக்கத்தில் இருப்பாள்.

உன் அப்பா
அழகியநம்பி


கரமனை,
ஆகஸ்ட் 3, ஞாயிறு.

என் மக்களே ஆர்யா,

உன் காகிதம் வந்தது. கணக்கு நோட்டில் கிழித்த தாள், அதில் மூன்று வரி. 'நான் வரல்ல. நான் வந்தா தம்பிக்குப் பின்னயும் அசுகம் வரும். அம்மாட்ட அழண்டாம்னு சொல்லுங்க.' அழண்டாம் என்று நீ எழுதியதை வாசித்துத்தான் அம்மா அழுதாள்.

இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை என்று அத்தையும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டெட்டால் விட்டுக் கழுவிக் கழுவி உன் கைத்தோல் உரிந்திருக்கிறதாம். உனக்குத் தட்டும் தம்ளரும் தனியாம். அத்தை மகளின் கைக்குழந்தை தவழ்ந்து வந்தால் எழுந்து மாடிக்கு ஓடிவிடுகிறாயாம். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு அழுகை வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும், உனக்குத் தெரியாததா. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற லட்சணமா இது என்று அக்காவைச் சத்தம் போட்டேன். நீ கொண்டுவந்து விடும்போதே பிள்ள இப்படித்தாம்ல இருந்தா என்றாள். 

டாக்டரிடம் கேட்டுவிட்டேன். உனக்கு வந்த அம்மை எப்போதோ இறங்கிப் போய்விட்டது. அது உன் கையிலோ மூச்சிலோ ஒட்டிக்கொண்டிருக்காது. தம்பியை நீ மடியில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது. இதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், என் சொந்தச் சரக்கு இல்லை.

உன் தாளை ஜெபமலரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வாசித்துவிட்டு, இந்தப் பிள்ளைட்ட இப்படி ஆரு சொன்னது என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாக நினைத்துக்கொண்டாள் என்றேன். பக்கத்தில் இருந்த உன் அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஐசியு வாசலில் அவளும்தானே நின்றாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். எல்லாம் உன்னாலதாண்டி, அவன் பக்கத்துல ஏன் போன என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். நீ சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாய்.  மூன்று நாளாக நான் தூங்கவில்லை, உள்ளே பிள்ளைக்கு மூச்சுக் குழாய் போட்டிருந்தார்கள், ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று இப்போது எத்தனை சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். வத்தலும் பருப்பும் கொட்டி அள்ளுகிற கடையில் இருபது வருஷம் நின்றும் எனக்கு அது உறைக்கவில்லை. என்னை மன்னித்துவிடு, மக்களே.

இன்னொன்றும் கேள். தம்பி சுமந்த் உன் ஜாமிதிப் பெட்டியை உடைத்துவிட்டானாம். அதனால்தான் அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று இத்தனை மாதமாக மனசில் வைத்துக்கொண்டிருக்கிறான். எங்களிடம் சொல்லவில்லை, ஜெபமலரிடம் சொல்லியிருக்கிறான். அம்மா கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். மூடி வேறாக, பெட்டி வேறாக, துண்டில் சுற்றி வைத்திருந்தான். ஆறு வயசு. அவன் அவன்மேல் போட்டுக்கொள்கிறான், நீ உன்மேல் போட்டுக்கொள்கிறாய். இப்படி ஒரு வீடு.

போன ஞாயிறு உன்னைப் பார்க்க வருவதாக அத்தையிடம் சொல்லியிருந்தேன். அன்று காலை அவனுக்குக் காய்ச்சல், மறுபடி வார்டு. மழை வேறு விடாமல் பெய்கிறது. துணி காயவில்லை, எதுவும் காயவில்லை. அலுப்பாக இருக்கிறது, ஆர்யா. பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது என்று கேட்காதே. வேறு யாரிடம் சொல்ல?

கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. டெட்டாலை அத்தையிடம் கொடுத்துவிடு.

உன் அப்பா
அழகியநம்பி


கரமனை,
ஆகஸ்ட் 17, ஞாயிறு.

ஆர்யா,

இதைத் தனியாக இருக்கும்போது வாசி. முதல் இரண்டு கடிதத்திலும் ஊர்ப்பட்ட சமாசாரம் எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை.

போன வாரம் வார்டில் எங்களுக்கு அடுத்த தனியறைக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். அவளுக்கும் சுமந்தின் நோய்தான். அப்பா சுதீஷ், விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பையனுக்கு, அதாவது அவளுடைய அண்ணனுக்கு, சின்னம்மை போட்டதாம். கொப்புளத்தைக் கண்ட அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார்களாம். உடனே இவளைக் கூட்டிவரச் சொல்லி ஊசி போட்டு, கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல்கூட இல்லை. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். சுதீஷ் என்னிடம், மோன் தன்னே கண்டு பறஞ்சது சேட்டா, அவன் இல்லேன்னா ஞங்ஙள் அறியில்லாயிருந்து என்று பெருமையாகச் சொன்னார். மகன்தான் முதலில் கண்டு சொன்னானாம். அவன் சொல்லியிருக்காவிட்டால் அவர்களுக்குத் தெரிந்தே இருக்காதாம். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. படியிறங்கி வெளியே வந்து மழையில் நின்றேன்.

நம் வீட்டிலும் பிள்ளைதானே முதலில் கண்டு சொன்னது.

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. அம்மாவும் தம்பியும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் திரும்பி வந்து, கழுத்துக்குக் கீழே இரண்டு கொப்புளத்தைக் காட்டினாய். அப்பா, இது சின்னம்மையோ, கார்டுல எழுதியிருக்கே, ஆஸ்பத்திரில விளிச்சு சொல்லணும், தம்பி இன்னைக்கு வரண்டாம் என்றாய். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த கார்டு மலையாளத்தில் இருந்தது. எனக்கு அதை வாசித்துக் காட்டியவளே நீதான். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் அன்றைக்கே கூப்பிடுங்கள், பிள்ளைக்கு ஊசி உண்டு என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வெயில் கொப்புளம், ஆருட்டயும் சொல்லாத என்றேன் நான்.

எனக்குத் தெரியாமல் சொல்லவில்லை. பார்த்த உடனே தெரிந்தது. நானும் அத்தையும் சின்ன வயதில் ஒரே பாயில் அம்மை கண்டு கிடந்தவர்கள். முத்துப் போட்டிருப்பது அம்மன், அவளுக்குப் பெயர் சொல்லக் கூடாது, மருந்து கூடாது, ஊசி போட்டால் அவளை விரட்டுவது மாதிரி, விரட்டினால் கோபித்துக்கொண்டு வீட்டில் அடுத்த பிள்ளையைப் பிடிப்பாள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். நம் வீட்டில் அடுத்த பிள்ளை யார்? ஏற்கெனவே நூலில் தொங்கிக்கொண்டிருந்தவன். அவனைப் பிடித்துவிடக் கூடாதே என்றுதான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லவில்லை. அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவனையே கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளறை நிலையில் வேப்பிலை செருகினேன், மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்தேன். அம்மன் மேல் பழி போடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணாதே என்று அவளா வந்து சொன்னாள்? என் பயம்தான் சொல்லிற்று.

சாயங்காலம் தம்பி வந்தான். அக்கா என்று ஓடி வந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நீ அவனைத் தள்ளவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல், அவன் தலைக்கு மேலே என்னைப் பார்த்தாய். நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் உனக்கு உடம்பெல்லாம் போட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லியாச்சா என்று அம்மா கேட்டாள். சொல்லியாச்சு, தள்ளிப் படுத்தால் போதுமாம் என்றேன். பச்சைப் பொய். இரண்டு வாரத்தில் அவனுக்குப் போட்டது. ஐசியுவுக்கு வெளியே டாக்டர் வந்து, பெரிய குழந்தைக்கு எப்போது வந்தது, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார். முதல் இரண்டு நாள் அவள் எங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாள் டாக்டர் என்றேன். நீ அங்கே நின்றாய். மூன்றடி தூரம் இருக்கும். டாக்டர் உன்னைப் பார்த்தார், அம்மா உன்னைப் பார்த்தாள். நீ என்னைப் பார்த்தாய். அப்போது ஒரு சொல், அப்பாட்ட சொன்னேனே என்று ஒரே ஒரு சொல் நீ சொல்லியிருந்தால் தீர்ந்தது. நீ சொல்லவில்லை. நீ எங்கே சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில்தான் உன்மேல் பாய்ந்து அப்படிக் கத்தினேன். போன கடிதத்தில் தூக்கமில்லை, ஆத்திரம் என்று எழுதியதெல்லாம் பாதி உண்மை. மீதி இதுதான்.

பிறகு பத்து நாளில் உன்னைக் கொண்டுபோய் அத்தை வீட்டில் விட்டேன். படிப்புக்காக இல்லை. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

புதன்கிழமை ஜெபமலரின் அறையில் உட்கார்ந்து, அம்மாவை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் சொன்னேன். ஜெபமலர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளை ஐஞ்சு மாசமா ஒத்தையில சுமக்குது, அதுட்ட சொல்லுங்க முதல்ல என்றாள். டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார். ஆஸ்பத்திரி ஃபைலில் உன் பெயருக்கு நேரே எழுதியிருந்ததை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொன்னேன். அப்படியெல்லாம் எழுதுகிற வழக்கம் இல்லை என்றார்.

அம்மா திரும்பி வரும்போது பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாள் எனக்குச் சோறு எடுத்து வைத்தாள், பேச்சு இல்லை. நேற்றுக் காலை, என் மோள் மறைக்கிற பிள்ளையான்னு ஒரு தரம் நான் கேட்டிருக்கணும், கேக்காம விட்டேனே என்றாள். அவளிடம் பொய் சொன்னவன் நான். ஆனாலும் அவளும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள். இந்த வீட்டில் பழியை வேண்டாம் என்று தள்ளியவன் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை அம்மா அங்கே வருகிறாள். இரண்டு நாள் உன்னோடு இருப்பாள். தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன், கஞ்சி வைக்கவும் மாத்திரை நேரமும் படித்துவிட்டேன். ஜெபமலர் தன் நம்பரை அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். உனக்கு மனசு வந்தால் அவளோடு பேசு, வராவிட்டால் வேண்டாம். அம்மாவோடு கிளம்பி வந்தாலும் சரி, இந்த வருஷம் அங்கேயே முடித்துவிட்டு வருகிறேன் என்றாலும் சரி. நான் அங்கே வரவில்லை. வரலாம் என்று நீ சொன்னால் வருவேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உன் கை ஆற வேண்டும். இதைத் தவிர அம்மனிடம் இப்போது நான் எதுவும் கேட்பதில்லை.

ஒன்றே ஒன்று, ஆர்யா. அம்மா வந்து உட்கார்ந்ததும் அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து அவளிடம் சொல். நான் சொன்னதில் எங்காவது குறைத்துச் சொல்லியிருப்பேன், எனக்கே தெரியாமல் என் பக்கம் சாய்த்திருப்பேன். அதையும் திருத்திச் சொல். அத்தையிடம் சொல், தம்பி வளர்ந்த பிறகு அவனிடமும் சொல். இனி நீ அப்பாவைக் காப்பாற்ற வேண்டாம், மக்களே.

அப்பா